அந்த லெட்ஜரை மூடி வைங்க: நூலகத்துல வேலை பாக்குற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கச்சிகளுக்கு,

டிஎன்பிஎஸ்சி பாஸ் பண்ணி புதுசா நூலகத்துக்கு வந்திருக்கவங்க, ஊர்ப்புற நூலகத்துல பத்து வருஷமா ஒத்தை ஆளா காலம் ஓட்டுறவங்க, பகுதி நேர நூலகத்தைத் தொறந்து கூட்டிப் பெருக்கி பேப்பர் அடுக்கி வச்சுட்டு மிச்ச நேரம் வேற வேலைக்கு ஓடுறவங்க, உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். மாவட்ட நூலக அலுவலர்களும் பொது நூலக இயக்ககத்துல இருக்கவங்களும் படிச்சா சந்தோஷம், அவங்களுக்குன்னும் நடுவுல சிலது வச்சிருக்கேன்.

நான் ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. டெல்டா பக்கம் ஒரு சின்ன டவுன்ல 31 வருஷம் நூலகத்துல இருந்தேன், அதுல பாதிக்கு மேல கிளை நூலகர். ஊர் பேர் சொல்லல, ஏன்னு படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

ஆகஸ்ட் 12 வந்தா நம்ம நாட்டு நூலகவியலோட தந்தைன்னு சொல்ற எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டு நூலகர் தினம் கொண்டாடுறோம், நவம்பர் 14 தொடங்கி ஒரு வாரம் தேசிய நூலக வார விழான்னு போட்டி வச்சு பரிசு குடுக்குறோம், அந்த மேடை எல்லாத்துலயும் யாராவது ஒருத்தர் எந்திரிச்சு 1931ல அவர் எழுதின அஞ்சு விதியை ஒப்பிப்பாரு. நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதுக்கான வாசகர், வாசகர் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளர்ற உயிர். நானும் ஒப்பிச்சிருக்கேன், எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல. ஒப்பிச்ச அதே வாயாலதான் ஒரு நாள் ஒரு பொண்ணைக் காட்டிக் குடுத்தேன்.

அது 90கள்ல நடந்தது. எங்க கிளைல அப்ப லெட்ஜர்தான். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பக்கம், மேல பேரு, அப்பா பேரு, வீட்டு முகவரி, கீழ கட்டம் போட்டு எடுத்த தேதி, அக்சஷன் நம்பர் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாம போடுற வரிசை எண்), புத்தகத்தோட பேரு, கையெழுத்து, திருப்பின தேதி. அந்தப் பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சுட்டு வீட்ல இருந்துச்சு, டைப்ரைட்டிங் கிளாஸ் போய்ட்டு வர்ற வழில உள்ள வரும், வாரத்துக்கு ரெண்டு புக்கு. முதல்ல தொடர்கதை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வேற வேற. எனக்கு அது மேல ஒரு தனி பிரியம் உண்டு, சொல்லப்போனா அதோட பக்கம் நிரம்பி ரெண்டாவது பக்கம் ஒட்டினப்ப எனக்கே ஒரு பெருமை.

ஒரு நாள் சாயங்காலம் அதோட பெரியப்பா வந்தாரு. நம்ம நூலகத்துக்குப் புரவலர், வாசகர் வட்டக் கூட்டத்துக்கு நாற்காலி அனுப்புறவரு, ஊர்ல நல்ல பேரு உள்ள மனுஷன். "ஏம்மா, நம்ம புள்ள இங்க வந்து என்னதான் படிக்குது"ன்னு சிரிச்சுகிட்டேதான் கேட்டாரு. நான் லெட்ஜரைத் தொறந்து அந்தப் பக்கத்தையே திருப்பிக் காமிச்சேன், பாருங்க சார் எவ்வளவு படிக்குதுன்னு, ஏதோ மார்க் ஷீட் காட்டுற டீச்சர் மாதிரி. அவரு விரலை வச்சு ஒவ்வொரு வரியா கீழ வந்தாரு, கடைசி வரில விரல் நின்னுச்சு. கல்யாணச் சட்டங்கள் பத்தின ஒரு புத்தகம், சாதி மதம் பாக்காம பதிவு பண்ணிக் கட்டிக்க வழி விடுற சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு எப்படி நோட்டீஸ் குடுக்கணும், 30 நாள் எப்படிக் கணக்கு பண்றது, சாட்சி எத்தனை பேருன்னு எல்லாம் தமிழ்ல விளக்கி எழுதினது. அவரு ஒண்ணும் சொல்லல. "சரிம்மா"ன்னுட்டுப் போயிட்டாரு.

அந்தப் பொண்ணு அப்புறம் வரல. ரெண்டு வாரம் கழிச்சு அதோட தம்பி அந்தப் புத்தகத்தையும் உறுப்பினர் கார்டையும் கொண்டுவந்து வச்சுட்டு டெபாசிட் பணம் கேட்டான். அக்கா எங்கப்பான்னு கேட்டதுக்குத் தலையைக் குனிஞ்சுகிட்டான். அவசரமா எங்கயோ தூரமா கட்டிக் குடுத்துட்டாங்கன்னு பின்னாடி கேள்வி. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அந்தப் பொண்ணு யாரையும் விரும்பிச்சா, இல்ல சும்மா தெரிஞ்சுக்க எடுத்துச்சா, இல்ல தோழி ஒருத்திக்காகவா, எதுவும் எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க எனக்கு உரிமையும் இல்ல, அந்தப் பெரியப்பாவுக்கும் இல்ல. ஆனா நான் காமிச்சுட்டேன்.

இதுல என்னை உறுத்துறது என்னன்னா, அன்னிக்கு நான் ஒரு விதியும் மீறல. யாரும் என்னைக் கேள்வி கேக்கல. மெமோ வரல. படிச்ச படிப்புல, வாங்கின ட்ரெய்னிங்ல, ஒருத்தர்கூட எங்கிட்ட "வாசகர் என்ன படிக்குறாங்கன்னு வெளில சொல்லாத"ன்னு ஒரு வரி சொன்னதில்ல. எந்தக் கலர் மையில எழுதணும், ரிஜிஸ்டர்ல அடிச்சுத் திருத்தினா எங்க இனிஷியல் போடணும், அதெல்லாம் சொன்னாங்க.

அதனாலதான் இந்த மடல். நம்ம தொழிலுக்கு மதிப்பு, நெறின்னு நிறைய சொல்லலாம், எல்லாரையும் சமமா நடத்தறது, எந்தக் கட்சிப் பக்கமும் சாயாம புத்தகம் வைக்கிறது, இப்படி. (கட்சி விஷயத்தைப் பத்தி நான் பேசவே வேண்டாம், ஆட்சி மாறினா நம்ம மேசைல கிடக்குற பேப்பரும் மாறும்னு ஊருக்கே தெரியும்.) நான் இன்னிக்கு ஒண்ணே ஒண்ணைத்தான் பிடிச்சுக்கப் போறேன். ஒருத்தர் என்ன படிக்குறாருங்கிறது அவருக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவுல உள்ள சங்கதி, நாம நடுவுல நிக்கிறோமே தவிர நமக்கு அதுல வாய் கிடையாது.

இது ஏதோ ரிட்டயர் ஆன கிழவியோட குற்ற உணர்ச்சின்னு நினைச்சுடாதீங்க, மத்த ஊர்கள்ல இதைத் தொழிலோட முதல் வரிசைல வச்சிருக்காங்க. அமெரிக்க நூலகச் சங்கம் 1939லயே நெறிமுறை எழுதினப்ப, வாசகரோட பழகுறதுல தெரிய வர்ற அந்தரங்கத் தகவலை ரகசியமா வச்சிருக்கறது நூலகரோட கடமைன்னு சேர்த்துட்டாங்க. உலக அளவுல நூலகச் சங்கங்களோட கூட்டமைப்பு, இஃப்லா, 2012ல கொண்டுவந்த நெறிமுறைலயும் இது இருக்கு. ஜப்பான்காரங்க கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. யுத்தத்துக்கு முன்னாடி அங்க நூலகம்னா ஜனங்களோட சிந்தனையை "நல்வழிப்படுத்துற" இடம்னு அரசாங்கம் வச்சிருந்துச்சு, நூலகர்களும் அதுக்கு ஒத்துப் போனாங்க. அந்த வெக்கம் தாங்காமத்தான் 1954ல நூலகச் சுதந்திரம் பத்தி ஒரு பிரகடனம் எழுதினாங்க, 1979ல அதைத் திருத்தினப்ப நூலகம் வாசகரோட ரகசியத்தைக் காப்பாத்தும்னு தனி வாக்கியமாவே சேர்த்தாங்க. தப்பு பண்ணினவங்க உக்காந்து எழுதினதுங்கிறதால எனக்கு அது மேல நம்பிக்கை அதிகம்.

சொல்றது சுலபம்தான், சோதனை வரும்போதுதான் தெரியும்னு நீங்க கேப்பீங்க. சோதனையும் வந்துச்சு. 2005ல அமெரிக்கால கனெக்டிகட் மாநிலத்துல நூலகங்களுக்குக் கம்ப்யூட்டர் சேவை தர்ற ஒரு கூட்டமைப்புக்கு எஃப்பிஐ ஒரு கடிதம் குடுத்துச்சு, ஒரு நூலகக் கம்ப்யூட்டரை இன்ன நேரத்துல பயன்படுத்தினவங்க விவரம் வேணும்னு. நீதிபதி கையெழுத்து கிடையாது, அதோட இப்படி ஒரு கடிதம் வந்ததையே யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வாய்ப்பூட்டு வேற. அதை நடத்திகிட்டிருந்த நாலு நூலகர்கள் குடுக்க மாட்டோம்னு கோர்ட்டுக்குப் போனாங்க, வழக்குல அவங்க பேரையே போட முடியாம அனாமதேயமா நின்னாங்க, கடைசில 2006ல வாய்ப்பூட்டும் போச்சு, அரசாங்கம் அந்தக் கோரிக்கையையும் கைவிட்டுடுச்சு. நம்மள மாதிரி ரிஜிஸ்டர் எழுதுற ஆளுங்கதான் அவங்களும். இன்னிக்கு அந்த நாட்டுல 48 மாநிலத்துல நூலகப் பதிவை ரகசியமா வைக்கணும்னு சட்டமே இருக்கு.

நம்ம பக்கம் வருவோம். நம்ம ஆளு ரங்கநாதன் சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார், 1924ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகரா வந்து, சும்மா உக்காந்திருக்க இந்த வேலை வேண்டாம், நான் காலேஜுக்கே போறேன்னு முதல்ல சொன்னவரு. லண்டன் போய்ட்டு வந்தப்புறம்தான் மாறினாரு, அப்புறம் வாழ்நாள் சேமிப்பு லட்ச ரூபாயை நூலகவியல் பேராசிரியர் பதவிக்குன்னு மனைவி பேர்ல பல்கலைக்கழகத்துக்கே குடுத்தாரு. அவரோட அஞ்சு விதில ரகசியம்னு ஒரு சொல் கிடையாது, உண்மைதான். ஆனா ரெண்டாவது விதியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். தனக்கான நூலை ஒருத்தர் நம்மகிட்ட வந்து வாய் தொறந்து கேட்டாத்தானே நாம குடுக்க முடியும்? மூல நோயைப் பத்தியோ குடிப்பழக்கத்தைப் பத்தியோ விவாகரத்து பத்தியோ சாமி இல்லங்கிறதைப் பத்தியோ ஒரு புக்கு வேணும்னு கேக்குறவருக்கு, இது நாளைக்கு டீக்கடைக்குப் போயிடும்னு ஒரு சின்ன பயம் வந்துட்டா அவர் பேசாம பேப்பர் மட்டும் பாத்துட்டுப் போயிடுவாரு. நாம என்னடான்னா "இந்த ஊர்ல யாரும் படிக்கிறதில்ல"ன்னு மாதாந்திர அறிக்கைல எழுதுவோம்.

ஆச்சரியம் என்னன்னா, நாம பாடத்துல படிச்ச, பிரவுன்னு ஒரு நூலகர் அம்மா கொண்டுவந்த இரவல் முறைல இந்தப் பிரச்சினையே இல்ல. ஞாபகம் இருக்கா, வாசகருக்கு ஒரு பை மாதிரி டிக்கெட், புத்தகத்துக்கு ஒரு கார்டு. புத்தகம் எடுத்தா கார்டை அந்தப் பைக்குள்ள செருகி தேதி வாரியா ட்ரேல வைப்போம். திருப்பிக் குடுத்தா கார்டு புத்தகத்துக்குள்ள போயிடும், டிக்கெட் வாசகர் கைக்குப் போயிடும். அவ்வளவுதான், அந்த ஆளு அந்தப் புத்தகத்தைப் படிச்சாருங்கிறதுக்கு உலகத்துல ஒரு தடயம் கிடையாது. எனக்கு அதைச் சொல்லிக் குடுத்தப்ப "வேகமா நடக்கும், எழுத்து வேலை மிச்சம்"னு மட்டும்தான் சொன்னாங்க. அது அழிக்கவும் செய்யுதுன்னு எனக்கு விளங்கினப்ப வயசு நாப்பது தாண்டிடுச்சு.

அப்புறம் ஏன் நாங்க லெட்ஜர் எழுதினோம்? இதைத்தான் மேல இருக்கவங்க கொஞ்சம் கவனிக்கணும். பயம். புத்தகம் தொலைஞ்சா நம்ம சம்பளத்துல கைய வச்சுடுவாங்கன்னு பயம். இருப்பு சரிபார்ப்புக்கு ஆள் வர்ற வாரம் எனக்குத் தூக்கமே வராது, வீட்டுக்காரரு நீ என்ன பேங்க்ல கொள்ளை அடிச்சியான்னு கிண்டல் பண்ணுவாரு. 40 ரூபா புத்தகம் ஒண்ணு காணலன்னா அதுக்கு விளக்கம் எழுதியே 40 ரூபா பேப்பர் செலவாகும். அதனால யாரு எதை எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்க, எல்லாத்தையும் பேரோட எழுதி கையெழுத்து வாங்கி வருஷக்கணக்கா பீரோல வச்சிருப்போம், நாளைக்கு எவனாவது கேட்டா காட்டி நம்மளக் காப்பாத்திக்கலாம்னு. நல்ல புத்தகம், விலை கூடின புத்தகம் எல்லாம் கண்ணாடி பீரோக்குள்ள பூட்டிக் கிடக்கும், கேட்டா சாவி இல்லம்போம். பழைய காலத்து ஐரோப்பால நூலகத்துப் புத்தகத்தையெல்லாம் சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்தாங்கன்னு ரங்கநாதன் முதல் விதியை விளக்கும்போது சொல்லுவாரு. நாங்க சங்கிலிக்குப் பதிலா கோத்ரெஜ் பூட்டு போட்டோம்.

இதுக்கு ஒரு வழி ஏற்கனவே எழுதியே இருக்கு. மத்திய அரசோட பொது நிதி விதிகள் 2017னு ஒண்ணு, அதுல விதி 215 நூலகப் புத்தகங்களைப் பத்தினது. ஒரு வருஷத்துல படிக்கவும் இரவலுக்கும் போன புத்தகத்துல 1,000க்கு 5 காணாமப் போறது நியாயமான இழப்புதான்னு அது ஒத்துக்குது, ஆளோட நேர்மைக் கேடோ அஜாக்கிரதையோ காரணமா இல்லாத வரைக்கும். 1,000 ரூபாய்க்கு மேல விலை உள்ளதும், விலை எதுவானாலும் அரிய நூலா இருந்தா அதுவும், கட்டாயம் விசாரிக்கணும்னு வச்சிருக்காங்க. எவ்வளவு அழகான கணக்கு பாருங்க, புழங்குற இடத்துல பொருள் கொஞ்சம் தேயும்னு ஒரு அரசாங்க விதியே ஒத்துக்குது. இயக்ககத்துல இருக்க ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: இந்த மாதிரி ஒரு கணக்கை சுற்றறிக்கையா அடிச்சு, கடைசி ஊர்ப்புற நூலகம் வரைக்கும் செவுத்துல ஒட்டுற மாதிரி அனுப்புங்க. பயம் போச்சுன்னா பீரோ தொறக்கும், வாசகர் பேரைத் தேவைக்கு மேல எழுதி வைக்கிற பழக்கமும் தானா குறையும்.

இன்னொரு நோட்டு இருக்கு, வாசல்ல கிடக்குற வருகைப் பதிவேடு. பேரு, ஊரு, நேரம், கையெழுத்து, இப்ப சில இடத்துல செல் நம்பர் வேற. எத்தனை பேர் வந்தாங்கன்னு மேல கணக்கு குடுக்கணும், புரியுது. ஆனா அது வாசல்ல விரிச்சு வச்சிருக்கும், வர்றவன் போறவன் எல்லாம் மேல உள்ள பேரைப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போடுவான். எங்க நூலகத்துல காலேஜ் பொண்ணுங்க செல் நம்பர் எழுதினா அன்னிக்கு ராத்திரியே ராங் கால் வரும். ஒரு பொண்ணு "அக்கா நான் எங்க அப்பா நம்பரை எழுதறேன்"னு சொல்லிச்சு, இன்னொருத்தி வாசலோட திரும்பிப் போயிட்டா. தலையை எண்ணத்தானே வேணும், ஒரு சாதாரண கவுண்ட்டர் மெஷின் போதும், இல்ல ஒரு பேப்பர்ல கோடு கிழிங்க. நான் கடைசி அஞ்சு வருஷம் கோடுதான் கிழிச்சேன், வாய்மொழியா ரெண்டு தடவை திட்டு வாங்கினேன், செத்தா போயிட்டேன்.

போலீஸ் கதையும் ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா உங்களுக்கு இது கட்டாயம் வரும். ஒரு தடவை மஃப்டில ஒருத்தர் வந்து, ஒரு குறிப்பிட்ட பத்திரிகையை யார் யாரு வழக்கமா படிக்குறாங்கன்னு கேட்டாரு. பொண்ணு விஷயம் நடந்து ரொம்ப வருஷம் கழிச்சு. எனக்குக் கை நடுங்குச்சு, ஆனா "சார், எழுத்துல குடுங்க, மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பி அவங்க உத்தரவு வந்ததும் சொல்றேன்"னு சொல்லிட்டேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு, அப்புறம் டீ இருக்கான்னு கேட்டாரு, வாங்கிக் குடுத்தேன், குடிச்சுட்டுப் போனவருதான். எழுத்தும் வரல ஒண்ணும் வரல. முறையா கோர்ட் உத்தரவோட வந்தா அது வேற, சட்டப்படி என்னவோ அது நடக்கட்டும், மேலதிகாரி இருக்காரு. ஆனா பத்துல ஒன்பது பேர் சும்மா கேட்டுப் பாக்குறவங்கதான் தம்பி. அந்த ஒன்பது பேருக்கும் "எழுத்துல குடுங்க" போதும்.

போலீஸை விட கஷ்டமானவங்க சொந்தக்காரங்க. புருஷன் வந்து பொண்டாட்டி கார்டைக் கேப்பாரு, அண்ணன் தங்கச்சியைப் பத்திக் கேப்பாரு, ஊர்ப் பெரியவர் ஒருத்தர் "அந்தத் தெருப் பசங்க இங்க வந்து என்ன படிக்குறானுங்க"ன்னு கேப்பாரு. அந்தக் கடைசிக் கேள்வி எங்க இருந்து வருதுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. எங்க நூலகம் இருந்தது ஊர் நடுவுல, பெரிய வீடுங்க இருக்க தெருவுல, காலனி அரை கிலோமீட்டர் கூட இருக்காது. ஆனா அங்கேர்ந்து பசங்க உள்ள வந்து உக்கார எனக்குத் தெரிஞ்சே எட்டு வருஷம் ஆச்சு, அதுக்கு முன்னாடி ஜன்னலோரம் நின்னு பேப்பரைப் பாத்துட்டுப் போவாங்க. 1931லயே மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டில புத்தகம் ஏத்திகிட்டு கிராமம் கிராமமா போயிருக்காங்க, ரங்கநாதனே போய்த் தொடங்கி வச்சது, எங்க ஊர்லேர்ந்து ரொம்ப தூரம் கூட இல்ல. அறுபது வருஷம் கழிச்சு வேலைக்கு வந்த நான் ஒரு சைக்கிள் கேரியர்ல நாலு புக்கு வச்சு அந்த அரை கிலோமீட்டர் தாண்டல. வீட்டு வரில ரூபாய்க்கு 10 காசு நூலக வரியா வர்றதுலதான் நம்ம நூலகமே நடக்குது, வரி கட்டுற எல்லாத் தெருவுலேர்ந்தும்தான் வருது, 1948ல சட்டம் போட்டப்ப சுதந்திர இந்தியாவுலயே முதல் பொது நூலகச் சட்டம்னு பெருமை வேற. பசங்க உள்ள வந்து உக்காந்தப்புறம் அவங்களைப் பத்தி வந்த கேள்விக்கு எல்லாம் "எங்கிட்ட எதுவும் எழுதி வைக்கிறதில்லீங்க"ன்னு சொல்ல முடிஞ்சது, ஏன்னா நிஜமாவே அப்ப எழுதி வைக்கிறதில்ல. எழுதி வச்சுட்டு சொல்ல மாட்டேன்னு வீராப்பு பேசுறதை விட எழுதாம இருக்கறது ரொம்ப சுலபம், நாம ஒண்ணும் கனெக்டிகட் ஆளுங்க இல்ல, நமக்கு வக்கீலும் கிடையாது.

சின்னப் புள்ளைங்க விஷயத்துல மட்டும் நான் வெளிநாட்டுக்காரங்க சொல்ற அளவுக்குப் போக மாட்டேன். அஞ்சாங்கிளாஸ் பையனோட அம்மா வந்து என்ன புக்கு பாக்கி இருக்குன்னு கேட்டா சொல்லித்தான் ஆகணும், அந்தம்மாதான் தேடித் தரப் போறாங்க. பத்தாங்கிளாஸ் பொண்ணுக்கு அதே பதில் சொல்லலாமான்னு கேட்டா, புத்தகம் எத்தனை பாக்கின்னு சொல்லுவேன், பேரைச் சொல்ல மாட்டேன். எங்க கோடு போடணும்னு எனக்கும் சரியா தெரியாது, நீங்க உக்காந்து பேசுங்க, ஆனா பேசாம விட்டுடாதீங்க.

இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் ஆகுது, அதுல இன்னும் பெரிய வம்பு இருக்கு. லெட்ஜர்னா ஒரு ஊர்ல ஒரு பீரோல கிடக்கும், கரையான் தின்னும். கம்ப்யூட்டர்ல போட்டா யாரு என்ன எடுத்தாங்கன்னு எல்லாம் ஒரே இடத்துல சேரும், ஒரு பட்டனைத் தட்டினா பத்து வருஷப் பட்டியல் வரும், ஒரு ஆளோடது இல்ல, ஒரு மாவட்டத்தோடது. ஆனா நல்ல மென்பொருள்ல இதுக்கு வழி இருக்கு. கோஹான்னு ஒண்ணு, நியூசிலாந்துல ஒரு சின்ன நூலகத்துக்காக எழுதி 2000ல ஓட ஆரம்பிச்சது, இலவசம், கோஹான்னா அந்த ஊரு மவோரி பாஷைல அன்பளிப்புன்னு அர்த்தமாம். அதுல புத்தகம் திரும்பி வந்ததும் எடுத்தவர் பேரைப் பிரிச்சு விட்டுடற மாதிரி செட் பண்ணலாம், இந்தப் புத்தகம் இத்தனை தடவை போச்சுங்கிற கணக்கு நிக்கும், யாருக்குப் போச்சுங்கிறது போயிடும். பிரவுன் அம்மா ட்ரேல கைல பண்ணினதை மெஷின்ல பண்றது, அவ்வளவுதான். செட் பண்ணாம விட்டா அது பாட்டுக்கு சேத்துகிட்டே போகும். உங்க நூலகத்துல எந்த மென்பொருள் ஓடினாலும் அதைப் போட்டுத் தர்றவங்ககிட்ட இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: திருப்பிக் குடுத்தப்புறமும் வாசகர் பேரு ஏன் இருக்கு? கணக்குக்கு வேணும்னு சொன்னா, எந்தக் கணக்குக்குன்னு கேளுங்க.

2017 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதி உக்காந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துச்சு, எந்தக் காரியத்துக்கு வாங்கினோமோ அது முடிஞ்சதும் அந்தத் தகவலை அழிக்கணும்னு அதுல இருக்கு. அரசுக்கு அந்த அழிக்கிற கடமைல விலக்கு குடுத்திருக்காங்கங்கிறது வேற விஷயம். விலக்கு இருந்தா என்ன, அழிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. புத்தகம் திரும்பி வந்துடுச்சு, காரியம் முடிஞ்சது.

இயக்ககத்துக்கு ரெண்டாவது வேண்டுகோள், கடைசி வேண்டுகோளும் அதான். புதுசா சேர்றவங்களுக்கு ட்ரெய்னிங்ல ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், இதைப் பத்திப் பேச ஒதுக்குங்க. ஒரு பக்கத்துல அச்சடிச்சு கையெழுத்து வாங்குங்க, நாமதான் எல்லாத்துக்கும் கையெழுத்து வாங்குறோமே. "வாசகர் என்ன படிக்குறார் என்பதை அவரைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன்"னு ஒரு வரி இருந்தா போதும். அன்னிக்கு அந்தப் பெரியப்பா சிரிச்சுகிட்டே கேட்டப்ப எங்கிட்ட அப்படி ஒரு தாள் இருந்திருந்தா, "சார் மன்னிச்சுக்குங்க, ரூல்ஸ்ல இடமில்ல"ன்னு ஒரு அரசாங்கப் பொய் மாதிரியாவது சொல்லி அனுப்பியிருப்பேன். நல்ல மனசு மட்டும் இருந்தா போதும்னு நினைக்காதீங்க, எனக்கும் நல்ல மனசுதான் இருந்துச்சு, அதனாலதான் பெருமையாக் காமிச்சேன்.

ரிட்டயர் ஆகுற அன்னிக்கு சார்ஜ் ஒப்படைச்சப்ப பதிவேடு பட்டியல்ல அந்தப் பழைய லெட்ஜர் எல்லாம் வரிசையா இருந்துச்சு. தணிக்கை முடிஞ்சு எவ்வளவோ வருஷம் ஆனது, அழிக்க அனுமதி கேட்டு நான் மூணு தடவை எழுதினேன், மூணுக்கும் பதில் வரல. எனக்கு அப்புறம் வந்த தம்பி "என்ன மேடம் இதையெல்லாம் வச்சுகிட்டு"ன்னு சலிச்சுகிட்டாரு, நான் எழுதின கடித நகலை அவர்கிட்ட குடுத்துட்டு வந்தேன். அவரும் மாத்தலாகிப் போயிட்டாராம். பச்சைக் கலர் ஸ்டீல் பீரோ, மூணாவது தட்டு, தடிமனா சிவப்பு காலிக்கோ பைண்டிங் போட்டது. அந்த சாவி இப்ப உங்கள்ல யார்கிட்டயோதான் இருக்கு.

அன்புடன்,
உங்க பழைய கிளை நூலகர் அக்கா